எதை முதலில் கேட்பது? வேட்பாளர் வருமுன் ஒரு கடைமடை ஊரின் கணக்கு

நாளை காலை எங்கள் ஊர் பிள்ளையார் கோயில் முக்கத்தில் முதல் வேட்பாளரின் பிரசார வண்டி வந்து நிற்கும். சாயங்காலம் இன்னொருவர் வருகிறார். ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் ஓய்கிறது. சித்திரை 6ஆம் தேதி, 2024 ஏப்ரல் 19 அன்று, எங்கள் நாகப்பட்டினம் தொகுதியோடு தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு. வண்டி எங்கள் ஊரில் நிற்பது ஐந்து நிமிடம். 2019 தேர்தலில் இதே முக்கத்தில் பதினோரு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். வாய்க்கால் பாலம், ரேஷன் கடைக் கட்டடம், நெல் விலை, காவிரி எல்லாம் ஒரே தாளில். வாங்கியவர் மடித்துப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தாளைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை.

இந்த முறை ஒரே ஒரு கோரிக்கை, அதையும் எல்லா வேட்பாளரிடமும் அதே வார்த்தையில் கேட்பது என்று ஊர் விவசாயிகள் கூடி முடிவு செய்தோம். அந்த ஒன்று எது என்பதில்தான் மூன்று நாளாகப் பேச்சு. நான் எழுதுவது அந்தப் பேச்சின் கணக்கு. டெல்டாவில் மற்ற ஊர்களிலும் இதே தாள் எழுதப்படுகிறது என்பதால் பொதுவில் வைக்கிறேன். யாருக்கு ஓட்டு என்பது அவரவர் முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி வட்டத்தில், முள்ளியாற்றுப் பாசனத்தின் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். எனக்கு ஆறு மா சொந்தம், ஒன்பது மா குத்தகை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா ஒரு ஏக்கர். ஆக இரண்டு ஏக்கர் என் பெயரில், மூன்று ஏக்கர் இன்னொருவர் பெயரில்.

முதல் நாள் பேச்சு விலை, கடன், தண்ணீர் என்று சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாம் நாள்தான் அதற்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. கீழத்தெரு அக்கா ஒருவர், பதினான்கு வருடமாக ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர், அதுவரை பேசாமல் இருந்தார். "எத வேணும்னாலும் கேளுங்க தம்பி. அது ஏம் பேருக்கு வந்து சேருமான்னு மட்டும் ஒரு தடவ பாத்துட்டுக் கேளுங்க" என்றார். அவர் கையில் குத்தகைக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. அறுத்ததும் மூட்டை அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு வருடம் ஓட வேண்டும்.

அந்த அக்காவைப் போல டெல்டாவில் எத்தனையோ பேர். இங்கே கோயில் நிலம், மடத்து நிலம், சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் குடிபோனவர்களின் நிலம் என்று உழுகிறவர் ஒருவர், உடையவர் ஒருவராக உள்ள வயல் ஏராளம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டம் வந்தது. பதிந்தவர்களுக்கு அது கவசம். வாய்ப்பேச்சில் உழுகிறவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பதியச் சொல்லி வற்புறுத்தினால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம்.

ஆகவே அக்காவின் கேள்வியையே முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இரண்டாவது: வேட்பாளர் போகப்போவது டெல்லிக்கு, கோட்டைக்கு அல்ல. நாடாளுமன்றத்தாலும் மத்திய அரசாலும் செய்யக்கூடியதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது: 2023 மாதிரி ஒரு வருடம் திரும்பி வந்தால் அந்தக் கோரிக்கை எங்களைத் தாங்குமா?

2023 என்ன செய்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த வருடம் ஜூன் 12ஆம் தேதி, வழக்கமான நாளில், மேட்டூர் திறந்தது. அணையில் 103 அடி தண்ணீர் இருந்தது. நம்பி டெல்டா முழுவதும் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், வைத்தோம். தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் பொய்த்தது. அங்கிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. முறைப்பாசனம் என்று ஆற்றை மாற்றி மாற்றித் திறந்தார்கள். தலைப்பில் இருக்கிற வயலுக்கு முறை வந்தால் தண்ணீர் வரும். எங்களுக்கு முறை வந்தபோது ஆற்றில் பாசி நனையும் அளவுக்குத்தான் ஓடியது. அக்டோபர் 10ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள். நீர்மட்டம் 30 அடியை ஒட்டி இறங்கியிருந்தது. மறுநாள் டெல்டா முழுவதும் கடையடைப்பு. கருகிய குறுவைக்கு மாநில அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 5,460 ரூபாய். உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் போட்டதில் பாதிகூட அதில் திரும்பாது.

சரி, விலைக் கோரிக்கையிலிருந்து தொடங்குகிறேன். நாட்டிலேயே உரக்கக் கேட்கும் கோரிக்கை அதுதான். இந்த பிப்ரவரியிலும் பஞ்சாப் விவசாயிகள் அதற்காகவே டெல்லியை நோக்கிப் புறப்பட்டார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம், அதுவும் மொத்தச் செலவோடு ஐம்பது சதவீதம் சேர்த்து. இந்தக் கணக்கைச் சொன்ன தேசிய விவசாயிகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் பிறந்தது எங்கள் கும்பகோணத்தில். கடந்த செப்டம்பரில் அவர் காலமானார். பிப்ரவரியில் பாரத ரத்னா அறிவித்தார்கள். அவருடைய பரிந்துரையைச் சட்டமாக்குவோம் என்கிறது காங்கிரஸ் தேர்தல் அறிக்கை. ஆதரவு விலையை அவ்வப்போது உயர்த்துவோம் என்று நேற்று வந்த பாஜக அறிக்கை சொல்கிறது. சட்டம் என்ற சொல் அதில் இல்லை. மொத்த உற்பத்திச் செலவோடு ஐம்பது சதவீதம் என்று திமுகவும் சொல்லியிருக்கிறது.

கணக்கு இப்படி. 2023-24இல் சன்னரக நெல்லுக்கு மத்திய விலை குவிண்டால் 2,203 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 107 சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது 2,310. நிலத்தின் வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்த முழுச் செலவை மத்திய விலை ஆணையம் குவிண்டாலுக்கு 1,900 ரூபாயை ஒட்டிப் போட்டிருந்தது. அதோடு ஐம்பது சதவீதம் சேர்த்தால் 2,850க்கு மேல் வரும். எங்கள் ஊரில், மழைக்காலத்தில் வளர்ந்து தையில் அறுக்கும் சம்பா நன்றாக விளைந்தால் ஏக்கருக்குப் பதினெட்டு குவிண்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். லேசான தொகை அல்ல அது. மேலத்தெரு மாமா இதற்காகத்தான் மூன்று நாளும் வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் பஞ்சாபையும் டெல்டாவையும் விட்டுப் பார்த்தால் நாட்டின் நிலை வேறு. ஆதரவு விலைக்கு அரசு அமைப்பிடம் விற்க முடிகிற விவசாயிகள் 6 சதவீதம்தான் என்று 2015இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு சொன்னது. பீகார் விவசாயிக்குச் சட்ட உத்தரவாதம் என்பது கதவே இல்லாத வீட்டுக்குக் கதவு வைப்பது போல. எங்களுக்குக் கதவு இருக்கிறது. ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. எங்கள் வேதனை அந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது. ஒரு தை மாதம் களத்தில் கொட்டிய நெல்லோடு ஒன்பது நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். தார்ப்பாய் போதவில்லை, இரவில் பனி இறங்கியது, காலையில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அந்த வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் டெல்லியிடம். மழை பெய்த ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், உத்தரவு வந்து சேர்வதற்குள் பாதி நெல்லை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டிருப்போம். விலையை 2,850 ஆக்கினாலும் இந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும்.

அக்காவின் அளவுகோலில் வைத்தால் விலை பாதிக் கிணறு தாண்டுகிறது. நெல்லை விற்கிறவர் கைக்குத்தான் விலை போகும், அது நல்லது. ஆனால் நிலையத்தில் பதிய, நிலம் யார் பெயரில், என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) சான்று வேண்டும். உடையவர் மனம் வைத்தால் அவர் பெயரில் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வியாபாரிதான், அவர் சொன்ன விலைதான்.

சட்டபூர்வ ஆதரவு விலையால் டெல்டாவுக்குப் பெரிய லாபம் நெல்லில் இல்லை, பருத்தியிலும் உளுந்திலும் இருக்கிறது என்பது என் எண்ணம். 2022இல் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டிப் போன பருத்தி, அதை நம்பி எல்லோரும் போட்ட 2023இல் ஆதரவு விலைக்கே அல்லாடியது. சம்பா அறுத்த ஈரத்தில் தெளிக்கிற உளுந்துக்கும் இதே கதிதான். இதை யாரும் மேடையில் பேசுவதில்லை. நெல்லைச் சொன்னால்தான் டெல்டா என்று ஆகிவிட்டது.

மூன்றாவது அளவுகோலில்தான் விலை விழுந்துவிடுகிறது. 2023 குறுவையில் எங்கள் ஊரில் விற்கவே நெல் இல்லை. இல்லாத நெல்லுக்கு எந்த விலை வைத்தாலும் கைக்கு ஒன்றும் வராது.

மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் வரும் வருடம் 6,000 ரூபாய் உதவித்தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். 2019 தேர்தலுக்கு முன் இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்து, 2018 டிசம்பரிலிருந்து கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். மூன்று தவணை, தவணைக்கு 2,000, நேராக வங்கிக் கணக்கில். இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் தொகை அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. அந்த 2018-19இல் சாதாரண நெல்லுக்கு ஆதரவு விலை 1,750. 2023-24இல் 2,183. நெல் விலை உயர்ந்த அளவுக்காவது இந்தப் பணம் உயர்ந்திருந்தால் 7,500 ஆகியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். என் சொந்த ஆறு மாவுக்கு எனக்கு வருகிறது. நான் உழுகிற ஒன்பது மாவுக்கு, அந்த வயலை வந்து பார்த்துப் பல வருடமான ஒருவருக்கு வருகிறது. அக்காவுக்கு ஒரு காசு இல்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒடிசா காலியா திட்டம் கொண்டுவந்தபோது பங்கு சாகுபடியாளரையும் நிலமற்ற கூலிகளையும் சேர்த்தது. ஆந்திராவில் 2019இல் தனிச் சட்டம் போட்டு, உடையவரின் பட்டா உரிமைக்குப் பங்கம் வராமல் உழுகிறவருக்குப் பதினோரு மாத சாகுபடி அட்டை கொடுத்தார்கள். மனம் இருந்தால் வழி உண்டு என்று அந்த இரண்டு மாநிலங்களும் காட்டியிருக்கின்றன.

கடன் தள்ளுபடியைப் பற்றி ஊரில் நெடுநேரம் பேச வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் அதன் வரலாறு தெரியும். 2009 தேர்தலுக்கு முந்தைய வருட பட்ஜெட்டில் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. இங்கே 2006இல் ஒன்று, 2016இல் ஒன்று. 2021 பிப்ரவரி 5ஆம் தேதி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயை 16.43 லட்சம் பேருக்குத் தள்ளுபடி செய்வதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மூன்றே வாரத்தில், பிப்ரவரி 26ஆம் தேதி, தேர்தல் அறிவிப்பு வந்தது. அதில் எனக்கும் ஒரு தொகை கழிந்தது. அந்த வருடம் மகள் கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்ததே அதனால்தான். அதனால் தள்ளுபடியை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் கூட்டுறவில் கடன் வாங்க யாருக்கு முடிந்ததோ அவருக்குத்தான் தள்ளுபடி. அக்காவின் கடன் நகைக்கடையிலும் வாராவாரம் வசூலுக்கு வரும் குழுக் கடனிலும் இருக்கிறது. அந்தக் கடனை இதுவரை எந்தத் தள்ளுபடியும் தொட்டதில்லை. கடனுக்கு நிரந்தர ஆணையம் என்று இந்த முறை காங்கிரஸ் சொல்வது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அறிவிப்பதைவிட மேல்தான். ஆனால் அது வந்து உட்கார்ந்து வரையறை செய்யும்போது குழுக் கடனும் கடன்தான் என்று எழுத வைப்பது இன்னொரு போராட்டம்.

வேளாண் மண்டலத்தையும் ஒருவர் ஞாபகப்படுத்தினார். 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களால் நெடுவாசலும் கதிராமங்கலமும் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கடந்த வருடம் வடசேரி, மைக்கேல்பட்டி என்று நிலக்கரிக்கு டெல்லி ஏலம் கூப்பிட்டது. எல்லாக் கட்சியும் சேர்ந்து எதிர்த்ததும் பின்வாங்கினார்கள். கவலை தீரவில்லை. ஆனால் அதற்கு எதிராக எழுந்து நிற்க டெல்டா எப்போதும் தயார். தாளில் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

இனி தண்ணீர். மனசு இதைத்தான் கேட்கச் சொல்கிறது.

அக்காவின் அளவுகோலில் தண்ணீருக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் பட்டா பார்த்துப் பாய்வதில்லை. இரண்டாவது அளவுகோலிலும் தேறுகிறது: மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு மத்திய அரசின் பொறுப்பு. கர்நாடகம் வருடத்துக்கு எல்லையில் பில்லிகுண்டுலுவில் 192 டிஎம்சி தர வேண்டும் என்றது காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதக் கணக்கும் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை, தானாக வழிந்து வரும். மழை பொய்த்த வருடத்துக்குத்தான் கணக்கு வேண்டும். அந்த வருடத்தில் இருப்பதை விகிதப்படி பகிர வேண்டும் என்று நடுவர் மன்றம் சொன்னதே தவிர, எப்படிப் பகிர்வது என்ற சூத்திரம் இன்றுவரை எழுதப்படவில்லை. அதனால்தான் 2023 செப்டம்பரில் 5,000 கன அடி, அப்புறம் 3,000 கன அடி என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவிரி மேலாண்மை ஆணையத்தின் வாசலில் நின்றோம். கர்நாடகத்தில் ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து பந்த் நடந்தது. அவர்கள் பக்கத்திலும் வயல் காய்ந்தது, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தானே சூத்திரம் வேண்டும் என்கிறோம்.

மூன்று அளவுகோலிலும் தேறுகிற தண்ணீரை ஏன் முதலில் எழுதவில்லை என்று என்னிடமே பெரியப்பா கேட்டார். மேட்டூர் கட்டி முடிந்த 1934ஆம் வருடத்தில் அவருடைய அப்பா அங்கே கூலிக்குப் போனவர். அவருக்கு நான் சொன்ன பதில் இது. நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். தீர்ப்பு வரப் பதினேழு வருடம். அது உச்ச நீதிமன்றத்தில் முடிய இன்னும் பதினொன்று. காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணை விஷயத்தில் இரண்டு தேசியக் கட்சிகளின் கர்நாடகக் கிளைகளும் ஒரே குரலில் பேசுகின்றன. இங்கே எந்தக் கூட்டணி வேட்பாளரிடம் கேட்டாலும் "கட்டாயம் குரல் கொடுப்பேன்" என்பார். குரல் கொடுத்தாரா இல்லையா என்று ஐந்து வருடம் கழித்தும் எங்களால் சரிபார்க்க முடியாது. தண்ணீருக்கான போராட்டத்தைத் தேர்தல் முடிந்தும் நடத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்கிற கோரிக்கை அல்ல அது. பெரியப்பா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவது வரியில் தண்ணீர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வந்திருக்கிறது.

முதல் வரியில் நாங்கள் எழுதியிருப்பது பயிர்க் காப்பீடு.

இதைச் சொன்னதும் முதலில் எல்லோர் முகமும் சுண்டியது. காப்பீடு என்றால் இங்கே யாருக்கும் நல்ல ஞாபகம் கிடையாது. நான் பிரீமியம் கட்டிய ஒரு வருடம், கதிர் முற்றிய பயிர் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அறுத்தது ஏக்கருக்கு ஐந்து மூட்டை. இழப்பீட்டுப் பட்டியலில் எங்கள் ஊருக்கு வந்தது பூஜ்யம். ஏன் என்று விசாரித்துப் போனபோதுதான் மத்திய அரசின் அந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொண்டேன். ஒரு வருவாய் கிராமத்தில் நான்கு வயலைத் தேர்ந்தெடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். அதன் சராசரியை, முந்தைய ஏழு வருடத்தில் நல்ல ஐந்து வருடத்தின் சராசரியில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால்தான் பணம். மேட்டு வயல் தப்பித்து, தாழ்வு வயல் மூழ்கினால் சராசரி நன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் மூழ்கிய வயலைத் தனியாகப் பார்க்கலாமே என்றால், ஆலங்கட்டி மழைக்கும் நிலச்சரிவுக்கும் தனி வயல் கணக்கு உண்டு. இந்த 2024 வரை நெல் மூழ்கினால் மட்டும் கிடையாது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர் என்று சொல்லி 2018இல் அதை நீக்கிவிட்டார்கள். நெல்லின் காலடியில் நிற்கும் தண்ணீருக்கும் கதிருக்கு மேல் ஏறிய தண்ணீருக்கும் வித்தியாசம் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இந்த மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது மறுபடியும் இதே கதை.

இரண்டாவது ஓட்டை குறுவை. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாயை ஒட்டிய காப்பீட்டுக்கு 540 ரூபாய் போல. மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் போட்டுக்கொண்டிருந்தன. 2020இலிருந்து, பாசனப் பகுதியில் பிரீமியம் 25 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதலில் பங்கு தர மாட்டோம் என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. மீதி மாநிலத்தின் தலையில். பழைய பங்கீட்டையே திருப்பித் தாருங்கள் என்று தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இழுபறிக்கு நடுவே 2021, 2022, 2023 என்று மூன்று குறுவைக்கும் காப்பீடே இல்லை. 2023இல் இருந்திருந்தால்? முழுதாகக் கருகிய ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கேட்கும் உரிமை இருந்திருக்கும். கிடைத்தது 5,460. அதுவும் நிவாரணமாக, கொடுத்தவர் கருணையில்.

இந்த இரண்டு ஓட்டையும் டெல்லியில் எழுதிய விதியில் இருப்பவை. நாடாளுமன்றத்தில் சட்டம் போடக்கூட வேண்டியதில்லை, துறை ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். பணமும் இருக்கிறது: இந்த பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 6,000 ரூபாய்த் திட்டத்துக்கு 60,000 கோடி ஒதுக்கியவர்கள், பயிர்க் காப்பீட்டுக்கு ஒதுக்கியது 14,600 கோடி. முப்பது நாளில் இழப்பீடு என்று காங்கிரஸ் சொல்கிறது. தொழில்நுட்பத்தால் திட்டத்தை வலுப்படுத்துவோம் என்று பாஜக சொல்கிறது. இரண்டு பேருமே காப்பீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், இரண்டு பேருமே மூழ்கிய நெல்லைப் பற்றியும் குறுவையைப் பற்றியும் பேசவில்லை. அதனால் எந்த வண்டி வந்தாலும் இதே தாளைக் கொடுக்கலாம்.

அக்காவின் கேள்விக்கு? குத்தகைதாரரும் பங்கு சாகுபடியாளரும் காப்பீடு செய்யலாம் என்று திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. இந்தத் தாளுக்காகப் பேசிய மத்தியத் திட்டங்களில் உழுகிறவர் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொள்வது இது. நடைமுறையில் அடங்கலில் பெயர் வேண்டும், அங்கேதான் அக்கா நின்றுவிடுகிறார். ஆனால் விதியில் இல்லாததைக் கேட்பதற்கும், விதியில் இருப்பதைச் செய்யச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. விஏஓவும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் கையெழுத்திட்ட சாகுபடிச் சான்றை ஏற்றுக்கொள் என்று கேட்கிறோம். அந்தச் சான்றால் குத்தகை உரிமை எதுவும் புதிதாக வந்துவிடாது என்றும் எழுதியிருக்கிறோம். உடையவர்கள் பயப்படாமல் இருக்க அது அவசியம். ஆந்திராக்காரர்கள் செய்தது போல.

மாமா கடைசிவரை விலையை விடவில்லை. "காப்பீடுன்னா வெளையாத வருசத்துக்குத்தானே? வெளஞ்ச வருசத்துக்கு என்ன பதில்?" என்றார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விளைந்த வருடத்தில் 2,310க்காவது விற்க ஒரு நிலையம் இருக்கிறது, விளையாத வருடத்தில் எங்களுக்கு எதுவுமே இல்லை என்று மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு, கூட்டத்தில் அதைக் கடைசியில்தான் சொன்னேன். ஜூன் 4ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. குறுவைக் காப்பீட்டுக்குப் பதிவு முடியும் வழக்கமான நாள் ஜூலை 31. மேட்டூரில் இப்போது கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் இந்த ஜூன் 12இல் திறப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. தண்ணீர் இல்லாமல் விதைக்கவே முடியாமல் போனாலும் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரை தர இந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, ஜெயித்துப் போகிறவர் எங்களுக்காக வாய் திறந்தாரா என்பது ஐந்து வருடம் காத்திருக்காமல் எட்டு வாரத்தில் எங்கள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தாளில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: குறுவைக்கும் காப்பீடு வேண்டும், பிரீமியத்தில் மத்திய அரசு பழையபடி சரிபாதி தர வேண்டும். நெல் மூழ்கினால் வயல்வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். உழுகிறவர் பெயரில் பணம் வர வேண்டும். அதற்குக் கீழே, பெரியப்பா சொன்னபடி, வறட்சிக் காலத் தண்ணீர்ப் பங்கீட்டுச் சூத்திரம். மேலே முதல் கையெழுத்து அக்காவுடையது. நான்கு பிரதி எடுக்கத் தம்பி ஒருவன் திருத்துறைப்பூண்டிக்குப் போயிருக்கிறான். கடை சாத்துவதற்குள் வந்துவிடுவான்.